கடைத் தெருவின் காபன் கணக்கு: மாத்தளையில் எரியும் விளக்கும் சம்பூரின் நிலமும்

ஏ9 வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியாக வடக்கே வந்து, வவுனியா, கிளிநொச்சி தாண்டி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. எம்மில் பலருக்கு இந்த வீதியின் பெயரைச் சொன்னால் ஓமந்தையும் முகமாலையும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே வீதியின் தெற்கு முனையில் இருக்கும் மாத்தளைக் கடைகளிலும் தம்புள்ளைச் சந்தையிலும் சீகிரியாவைச் சுற்றியுள்ள ஹோட்டல்களிலும் இருந்து எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பதே இக்கட்டுரையின் விடயம். மாத்தளைக் கடைத் தெருவின் கணக்கு எமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கணக்கின் ஒரு பக்கம் நுரைச்சோலையிலும் சம்பூரிலும் மன்னாரிலும் எழுதப்படுகிறது என்பதே என் பதில்.

2050ஆம் ஆண்டுக்குள் நிகர பூச்சிய காபன் நிலையை அடைவதாக இலங்கை உலகுக்கு வாக்குறுதி அளித்திருக்கிறது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களில் இருந்து பெறுவதாகவும், புதிய நிலக்கரி மின்நிலையங்களைக் கட்டுவதில்லை என்றும் 2021இல் சமர்ப்பித்த தேசியத் திட்டத்தில் கூறியிருக்கிறது. இந்த வாக்குறுதிகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க நாட்டுக்கு ஒரு மொத்த எண் இருந்தால் போதாது. ஒவ்வொரு நகரும் தன் கணக்கைத் தானே எழுத வேண்டிவரும். இன்று மாத்தளைக்குச் சொல்வது நாளை வவுனியாவுக்கும் சாவகச்சேரிக்கும் பொருந்தும்.

கடைகளைத் தனியாக எண்ணுவது ஏன்?

இலங்கை நிலைபேறான சக்தி அதிகார சபை ஆண்டுதோறும் தேசிய சக்திச் சமநிலை அறிக்கையை வெளியிடுகிறது. எந்தத் துறை எவ்வளவு சக்தியைப் பயன்படுத்தியது என்று அதில் பார்க்கலாம். கைத்தொழிலுக்கு ஒரு வரி, போக்குவரத்துக்கு ஒரு வரி. மூன்றாவது வரியில் வீடுகளும் வர்த்தக நிலையங்களும் ஏனையவையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது தோட்ட லயத்தில் விறகு எரிக்கும் அடுப்பும், ஏசி போட்ட புடவைக் கடையும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

இந்தச் சேர்க்கையால் யார் கூடுதலாக எரிக்கிறார்கள் என்பது மறைந்துபோகிறது. எவரிடம் எதைக் குறைக்கச் சொல்வது என்றும் தெரியாமல் போகிறது. நகர மட்டக் கணக்கு அந்தப் பெட்டியைத் திறக்கிறது. உலக வள நிறுவனம், சி40 நகரங்களின் கூட்டமைப்பு, இக்லி ஆகிய மூன்றும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஜிபிசி என்ற நெறிமுறையே இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. அதில் வீடுகள் தனி. வர்த்தகக் கட்டடங்களும் பாடசாலை, வைத்தியசாலை, அரச அலுவலகம் போன்ற நிறுவனக் கட்டடங்களும் ஒரு தனிப் பிரிவு.

எமக்கு அருகில் உள்ள உதாரணம் சென்னை. 2023இல் வெளியான சென்னையின் காலநிலைச் செயற்திட்டம் 2018-19ஆம் ஆண்டை எடுத்துக் கணக்குப் பார்த்தது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 40 இலட்சம் தொன் என்று விடை வந்தது. அதில் பத்தில் ஏழு பங்கு கட்டடங்களில் பயன்படும் சக்தியில் இருந்து, பெரும்பாலும் மின்சாரத்தில் இருந்து வந்தது. வாகனப் புகையைத்தான் முதற் குற்றவாளி என்று நினைத்திருந்த பலருக்கு அது புதுச் செய்தி. வாகனப் புகை கண்ணில் படுகிறது, மின்சாரத்தின் புகை வேறெங்கோ எழுகிறது.

மூன்று வட்டங்கள்

அந்த நெறிமுறையின் அடிப்படை எளிது. நகர எல்லையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, புகையை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வட்டம், நகருக்குள்ளேயே எரிவது. சாப்பாட்டுக் கடையின் கேஸ், பேக்கரியின் டீசல் அடுப்பு, வங்கியின் பின்புறம் நிற்கும் ஜெனரேட்டர் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாம் வட்டம், நகருக்குள் பயன்படுத்தப்படும் தேசிய வலையமைப்பு மின்சாரம். விளக்கு மாத்தளையில் எரிகிறது. அதற்கான நிலக்கரியோ எண்ணெயோ வேறு மாவட்டத்தில் எரிகிறது. ஆனாலும் அந்தப் புகை மாத்தளையின் கணக்கில்தான் எழுதப்படும்.

மூன்றாம் வட்டம், நகரின் செயலால் எல்லைக்கு வெளியே உண்டாவது. மின்கம்பிகளில் வரும் வழியில் இழக்கப்படும் மின்சாரம் இதற்கு உதாரணம்.

விறகுக்குத் தனி விதி உண்டு. மரம் வளரும்போது உறிஞ்சிய காபனே எரியும்போது வெளிவருகிறது என்பதால், விறகின் காபனீரொட்சைட்டை மொத்தத்தில் சேர்க்காமல் தனியாகக் குறித்து வைக்கிறார்கள். அதனுடன் வெளிவரும் மெதேனும் நைதரசன் ஒட்சைட்டும் மொத்தத்தில் சேரும். விறகடுப்புப் பேக்கரிகள் இன்னும் இயங்கும் மலையக நகரங்களுக்கு இந்த விதி முக்கியமானது.

தரவு எங்கே இருக்கிறது?

செய்தியாளராக என்னைக் கவர்ந்தது இதுதான்: இந்தக் கணக்குக்குத் தேவையான தாள்களில் பெரும்பகுதி ஏற்கனவே அலுமாரிகளில் இருக்கிறது. செயற்கைக்கோளும் வேண்டாம், புகை அளக்கும் கருவியும் வேண்டாம்.

முதலாவது தாள் மின்பட்டியல். இலங்கை மின்சாரக் கட்டண முறையில் வீடு, வணக்கத்தலம், பொதுத் தேவை, கைத்தொழில், ஹோட்டல், அரச நிறுவனம் என்று பாவனையாளர்கள் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். கடைகள் பெரும்பாலும் பொதுத் தேவைப் பிரிவில் வரும். 42 கேவிஏ வரை பெறும் சிறு கடை ஜிபி-1, அதற்கு மேல் ஜிபி-2, 11,000 வோல்ட்டில் நேரடியாகப் பெறும் பெரிய இடம் ஜிபி-3. ஒரு பிரதேசத்தில் இந்தப் பிரிவுகளும் ஹோட்டல், அரச பிரிவுகளும் ஆண்டுக்கு விற்ற அலகுகளை மட்டும் கூட்டினாலே இரண்டாம் வட்டத்தின் பெரும்பகுதி கையில் வந்துவிடும்.

ஓட்டைகளும் உண்டு. மிளகாய்த்தூள் அரைக்கும் ஆலை கடைத் தெருவில் இருந்தாலும் கைத்தொழில் பிரிவில் இருக்கலாம். வீட்டின் முன் அறையில் நடக்கும் பலசரக்குக் கடை வீட்டு மீற்றரிலேயே ஓடும். சிறுகடைகள் நிறைந்த எமது ஊர்களில் இந்த இரண்டாவது ஓட்டை பெரியது.

இரண்டாவது தாள் உள்ளூராட்சி சபையிடம் உள்ள வியாபார அனுமதிப்பத்திரப் பதிவேடு. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் மாநகர சபைகள் இருக்கின்றன. எத்தனை சாப்பாட்டுக் கடை, எத்தனை பேக்கரி, எத்தனை சலூன் என்று அந்தப் பதிவேடு சொல்லும். ஒவ்வொரு கடையின் படியையும் ஏறத் தேவையில்லை. ஒவ்வொரு வகையிலும் சில கடைகளைத் தெரிந்து, மாதம் எத்தனை கேஸ் சிலிண்டர், எத்தனை லீற்றர் டீசல், எவ்வளவு விறகு என்று கேட்டு, அதை மொத்தக் கடைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் முதல் வட்டம் கிடைக்கும்.

மூன்றாவது தாள் பலரும் மறப்பது: குளிரூட்டிகளைத் திருத்துபவரின் சிட்டை. ஏசியில் கசியும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ, ஏறத்தாழ 2,000 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஒரு கடையின் ஆண்டு மின்சாரத்தை ஒரே ஒரு கசிவு தோற்கடித்துவிடக்கூடும்.

ஒரு சாப்பாட்டுக் கடையின் மாதக் கணக்கு

கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு கற்பனைக் கடையை எடுப்போம். மாதம் 400 அலகு மின்சாரம், 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 6, ஜெனரேட்டருக்கு 20 லீற்றர் டீசல்.

டீசல் ஒரு லீற்றர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். 20 லீற்றருக்கு 54 கிலோ. சமையல் எரிவாயு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ. ஆறு சிலிண்டர் 75 கிலோ, ஆகவே 225 கிலோ. மின்சாரத்தின் குணகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இங்கே கணக்குக்காக அலகுக்கு அரைக் கிலோ என்று கொண்டால் 200 கிலோ. மூன்றையும் கூட்டினால் மாதம் 479 கிலோ, ஆண்டுக்கு ஐந்தே முக்கால் தொன் அளவில் வரும். இலங்கையர் ஒருவரின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 1 தொன் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தச் சிறு கணக்கே கடைக்காரருக்கு ஒரு செய்தி சொல்கிறது. அவருடைய பெரிய செலவும் பெரிய புகையும் அடுப்பில் இருக்கிறது. புடவைக் கடையிலோ வங்கியிலோ அது ஏசியில் இருக்கும். எல்லோருக்கும் ஒரே அறிவுரை உதவாது.

புகை எழும் இடம்

மின்சாரத்தின் குணகம் ஏன் மாறுகிறது என்பதில்தான் எமது கதை இருக்கிறது.

மாத்தளை மாவட்டம் தானே மின்சாரம் தரும் மாவட்டம். பொல்கொல்லவில் திருப்பப்படும் மகாவலி நீர் சுரங்கம் வழியாக வந்து உக்குவெல மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பின்னர் போவத்தென்னவில் 40 மெகாவாட் நிலையம். மொரகஹகந்தவில் 25 மெகாவாட். ஆகவே எமது மின்சாரம் சுத்தமானது என்று மாத்தளையில் ஒருவர் பெருமைப்படலாம். ஆனால் தேசிய வலையமைப்பு ஒரு குளம் போன்றது. எல்லா வாய்க்காலும் அதில் விழுகின்றன. எவர் அள்ளினாலும் கலந்த நீர்தான் வரும். மழை பொய்த்த ஆண்டில் நீர்மின் குறையும், அனல் மின் கூடும். ஒரு அலகு கூடப் பாவிக்காமலே மாத்தளைக் கடைகளின் காபன் கணக்கு ஏறிவிடும்.

அந்தக் குளத்தில் விழும் மிகப் பெரிய வாய்க்கால் நுரைச்சோலை. புத்தளம் மாவட்டத்தில் உள்ள 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் அது. நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அங்கிருந்து வருகிறது. மாத்தளையின் ஏசி குளிர்கிறது, கரித்தூசும் சாம்பலும் கற்பிட்டிக் குடாவில் வாழும் மீனவர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் போய்ச் சேர்கின்றன.

இரண்டாவது நிலக்கரி நிலையம் சம்பூரில் வரவிருந்தது. 2006இல் போர் மூதூர் கிழக்கை விழுங்கியபோது சம்பூர் மக்கள் வெளியேறினார்கள். அவர்கள் முகாம்களில் இருக்கும்போதே அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. இந்தியாவின் என்டிபிசி நிறுவனத்துடன் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்கவும் சம்பூரில் நிலம் ஒதுக்கப்பட்டது. 2015க்குப் பின்னரே மக்களில் ஒரு பகுதியினர் தமது காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. அது வந்திருந்தால், தெற்கின் ஒவ்வொரு கடைத் தெருவின் இரண்டாம் வட்டத்திலும் சம்பூரின் சாம்பல் கொஞ்சம் கலந்திருக்கும்.

இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியின் வருகையின்போது அதன் தொடக்க நிகழ்வு நடந்தது. மன்னாரில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. அங்கு மேலும் காற்றாலைக் கோபுரங்கள் வேண்டாம் என்று 2025இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் மாத்தளைக் கடையின் கணக்கில் கிலோக்களைக் குறைக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கிலோக் கணக்கில் மேய்ச்சல் தரைக்கு வரி இல்லை, மீனவரின் கரைக்கு வரி இல்லை, திரும்பிவந்த குடும்பத்தின் அச்சத்திற்கும் வரி இல்லை. நிலக்கரியின் சுமையைச் சுமக்கக் கேட்கப்பட்ட மக்களிடமே பசுமையின் சுமையையும் கேட்கும்போது, அவர்களின் சம்மதம் கணக்குக்கு வெளியே நிற்கக் கூடாது.

கடைத் தெருவின் கணக்கைக் கவனமாகப் பார்த்தால் இதற்கு ஒரு பகுதி விடையும் கிடைக்கிறது. கடைகளின் பாவனையில் பெரும்பகுதி பகலில் நடக்கிறது. வெயிலும் பகலில்தான். புடவைக் கடை, சுப்பர் மார்க்கெட், வங்கி, பாடசாலை ஆகியவற்றின் கூரைகளில் உற்பத்தியாகும் ஒவ்வொரு அலகும், வேறொருவரின் காணியைக் கேட்காத அலகு. எந்தக் கூரையில் எவ்வளவு முடியும் என்று சொல்ல, முதலில் எந்தக் கடை எந்த நேரத்தில் எவ்வளவு பாவிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தம்புள்ளை: லொறியும் குளிர்க் களஞ்சியமும்

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தைகளில் ஒன்று. வடக்கின் வெங்காயமும் பூசணியும் அங்கே போகின்றன. மலையகத்தின் கரட்டும் கோவாவும் அங்கிருந்தே வடக்குக்கு வருகின்றன.

யாழ்ப்பாணத்தில் இருந்து தம்புள்ளைக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் லொறி ஒருவழிக்கு 50 லீற்றர் டீசல் எரித்தால் 135 கிலோ காபனீரொட்சைட்டு. ஜிபிசி முறையில் இது வர்த்தகத் துறையில் சேராது, போக்குவரத்துத் துறைக்குப் போகும். ஆகவே தம்புள்ளைச் சந்தையின் வர்த்தகக் கணக்கை மட்டும் பார்ப்பவர், சில விளக்குகளும் தராசுகளும் உள்ள சுத்தமான இடம் என்று நினைத்துவிடுவார். இரண்டு பக்கங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

சம்பூர் நிகழ்வு நடந்த அதே நாளில் தம்புள்ளையில் 5,000 தொன் கொள்ளளவுள்ள, வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியமும் திறக்கப்பட்டது. அது மின்சாரம் இழுக்கும். குளிரூட்டி வாயுவும் வேண்டும். தம்புள்ளையின் வர்த்தகக் கணக்கு அதனால் ஏறும். மறுபுறம், இலங்கையில் அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வரையான மரக்கறி வீணாவதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. அழுகாமல் காக்கப்படும் ஒவ்வொரு மூட்டையும் அதற்கு ஊற்றிய நீரையும் உரத்தையும் எரித்த டீசலையும் காக்கிறது. ஒரு வரியில் ஏறும் எண் மற்ற வரியில் இறங்கலாம்.

குப்பையும் அப்படித்தான். சந்தைக் கழிவு குவிந்து அழுகினால் மெதேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மாத்தளை மாநகர சபை, செவனத்த நிறுவனம், ஐநாவின் எஸ்கேப், பங்களாதேசின் வேஸ்ட் கன்சேர்ன் ஆகியவை சேர்ந்து 2007இல் மாத்தளையில் தரம் பிரித்த கழிவில் இருந்து கூட்டெரு தயாரிக்கும் நிலையத்தை ஆரம்பித்தன. காபன் பேச்சு ஊருக்குள் வருவதற்கு முன்னரே அந்த நகரம் செய்த வேலை அது. கணக்கில் அது கழிவுத் துறையின் வரியில் விழும். அந்தக் கழிவைத் தருவோரில் கடைத் தெருவும் உண்டு.

குறைந்த எண் எப்போதும் நல்ல எண்ணா?

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தேசிய வலையமைப்பு மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். கடைகள் லாம்பு வெளிச்சத்தில் வியாபாரம் செய்தன. அந்த ஆண்டுகளுக்கு ஒருவர் காபன் கணக்கு எழுதினால் உலகிலேயே பசுமையான கடைத் தெருவாக யாழ்ப்பாணம் தெரியும். அது தண்டனையின் எண்.

2022 இதற்கு மறுபக்கம். மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கடைகள் ஜெனரேட்டரை நம்பின. சிறு ஜெனரேட்டர் ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்றில் ஒரு லீற்றர் டீசலுக்கு மேல் குடிக்கும். அது சுமார் 1 கிலோ காபனீரொட்சைட்டு, மேலே கொண்ட குணகத்தின் இரு மடங்கு. இரண்டாம் வட்டம் சுருங்கியது, முதல் வட்டம் வீங்கியது. டீசலும் கிடைக்காமல் போனபோது கடைகளே மூடின.

அதனால்தான் ஒப்பிடுவதற்கு அடிப்படையாக எந்த ஆண்டை எடுப்பது என்பது பெரிய கேள்வி. பெருந்தொற்று ஆண்டான 2020ஐயோ நெருக்கடி ஆண்டான 2022ஐயோ அடிப்படையாகக் கொண்டால், மீண்டு எழுந்த ஒவ்வொரு கடையும் குற்றவாளியாகத் தெரியும். போரால் தாமதமாக மின்சாரம் வந்த வடக்கு கிழக்கு நகரங்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. முல்லைத்தீவில் ஒரு ஐஸ் தொழிற்சாலையோ குளிர்க்களஞ்சியமோ வந்தால் அங்கு காபன் ஏறத்தான் செய்யும். அதை வளர்ச்சி என்று எழுதும் இடம் கணக்கில் இருக்க வேண்டும்.

பூச்சியமும் வெற்றிடமும்

ஜிபிசி நெறிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் குறியீடுகள். ஒரு கட்டத்தில் எண் இல்லையென்றால் அதைச் சும்மா விடக்கூடாது. ஏன் இல்லை என்று எழுத வேண்டும். அந்தச் செயலே நகரில் நடப்பதில்லை என்றால் ஒரு குறி. வேறு வரியில் சேர்க்கப்பட்டிருந்தால் இன்னொரு குறி. இரகசியம் கருதி மறைக்கப்பட்டிருந்தால் அதற்கொன்று. நடக்கிறது, ஆனால் மதிப்பிடப்படவில்லை என்றால் அதற்கும் தனிக் குறி. கிடைத்த ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தரவின் தரம் உயர்வா, நடுத்தரமா, தாழ்வா என்றும் குறிக்க வேண்டும்.

இல்லை என்பதும் எண்ணப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. இதை எமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இழந்தவர்களின் எண்ணிக்கைக்காக இன்றும் வாசல்களில் நிற்பவர்கள் நாங்கள்.

ஆகவே உங்கள் நகர சபை காபன் கணக்கு ஒன்றை வெளியிடும் நாளில், மொத்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடாதீர்கள். வீட்டு மீற்றரில் ஓடும் சிறுகடைகள் எந்த வரியில் இருக்கின்றன? விறகு எங்கே? எந்த ஆண்டு அடிப்படை? மின்சாரத்தின் குணகம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, அந்த மின்சாரம் எவருடைய நிலத்தில் இருந்து வருகிறது? கூரைகளில் இடம் இருக்கும்போது காணியைக் கேட்பது ஏன்? இந்தக் கேள்விகளுக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. மின்பட்டியல் ஒன்றும் ஒரு பேனாவும் போதும். கடை வைத்திருப்பவர்கள் இந்த மாதப் பட்டியலில் இருந்தே தொடங்கலாம்.